இருபத்திரண்டு கண்கள்

எங்கள் தெருவில் அவரைக் குடைக்காரர் என்றுதான் சொல்வோம். மழைக்கும் வெயிலுக்கும் குடை பிடிக்காத மனிதர், படம் எடுக்கப் போகும்போது மட்டும் இரண்டு வெள்ளைக் குடைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். பிளாஷைக் குடைக்குள் அடிக்க வேண்டும், அது திரும்பி வந்து முகத்தில் மெல்ல விழ வேண்டும், அவ்வளவுதான் தொழில் என்பார். அந்த "அவ்வளவுதான்" என்பதற்கு அவருக்கு ஒரு முகத்துக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

நான் பக்கத்துக் கடை. படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். அவர் ஸ்டுடியோவுக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. அங்கே பிளாஷ் அடித்தால் பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் வந்து, நான் வெட்டி அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடிகளில் பளிச்சென்று தெறிக்கும். முதல் ஒரு வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அது இல்லாவிட்டால் கடையில் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்கிற வேலை அது. உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்குப் பக்கவாட்டில், தலைக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளைத் துணி போர்த்திய பெரிய பெட்டிக்குள் பிளாஷ் இருக்கும். அதை சாஃப்ட்பாக்ஸ் என்பார்கள். அதன் ஸ்டாண்டு சாயாமலிருக்க அடியில் ஒரு மணல் மூட்டை. எதிர்ப் பக்கத்தில் அவர் மனைவி வெள்ளிக் காகிதம் ஒட்டிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூக்கின் நிழல் கன்னத்தில் விழுவது பிடிக்காவிட்டால் "ஒரு சாண் மேல" என்பார். ஏற்றுவாள். "கொஞ்சம் உள்ள வா." வருவாள். படம் எடுத்துக்கொள்ள வந்தவருக்கு இடுப்பு வலி எடுத்துவிடும். படம் எடுத்த பிறகு அவள்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பருவையும் தழும்பையும் துடைப்பாள். இவ்வளவும் நடக்கும்போது மூன்று வயது மகள், நாங்கள் வாண்டு என்று கூப்பிடுகிற பெண், மேசைக்கு அடியில் பழைய பேட்டரிகளை வரிசையாக நிற்க வைத்துப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருப்பாள்.

கேமரா தலையிலேயே பிளாஷை மாட்டி நேராக அடிக்கிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. அது படம் எடுப்பதில்லை, கன்னத்தில் அறைவது என்பார். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, அவர் எடுத்த முகங்களைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம். அவருடைய தங்கை வந்திருந்தாள். வாண்டுவுக்கு அத்தை. எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவள், அன்று சிரிக்கவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் குழந்தையைத் தன் போனில் எடுத்திருந்தாள். அந்தப் படத்தை அண்ணனிடம் நீட்டினாள். நானும் சோற்றுப் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தேன். குழந்தை வாயெல்லாம் பிஸ்கட்டோடு சிரிக்கிறது. வலது கண் சிவப்பாக இருந்தது. இடது கண்ணின் நடுவில் வெள்ளை, பாலில் நனைத்த பஞ்சைப் போல.

"யாரோ அனுப்பின ஒரு வீடியோல பாத்தேன்ணே. இப்பிடி ஒரு கண்ணு மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட காட்டணுமாம்" என்றாள்.

குடைக்காரர் போனைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு தன் வாத்தியார் குரலை எடுத்துக்கொண்டார். இது போன் பிளாஷ், லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, அதனால் வெளிச்சம் கண்ணுக்குள் நேராகப் போய் நேராகவே திரும்பி வருகிறது, ஆகவே சிவப்பு. வெள்ளையாகத் தெரிவது எதிரில் இருந்த ஏதோ பாத்திரத்தின் பளபளப்பு. இதற்கெல்லாம் டாக்டரிடம் போனால் நாட்டில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும் என்றார்.

அவர் மனைவி எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கம்ப்யூட்டரைத் திறக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட்ட தட்டு பாதியில் அப்படியே கிடந்தது.

தங்கை விடுவதாக இல்லை. கடைசியில் அவர், இப்போதே எடுத்துக் காட்டுகிறேன், அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஜன்னல்களைச் சாத்தினார். சாஃப்ட்பாக்ஸின் துணியைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஷை உருவி, நான் பார்த்து முதல் தடவையாகக் கேமராவின் தலையில் மாட்டினார். வாண்டுவை ஸ்டூலில் உட்கார வைத்து, என்னை அவர் தோளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். "மாமாவப் பாரு, மாமா மூஞ்சி குரங்கு மாதிரி பண்ணுவார்" என்றார். எனக்கு அது பெரிய கஷ்டமில்லை. குழந்தை சிரித்தது. பளிச்.

திரையைப் பார்த்தார். வலது கண் சிவப்பு. இடது கண் வெள்ளை.

"என் சட்டை வெள்ளை. அது அடிக்குது" என்றார்.

உள்ளே போய்க் கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பளிச். வெள்ளை. பின்னாலிருந்த வெள்ளிக் காகித அட்டையை வெளியே கொண்டுபோய் வைத்தார். என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். சுவரில் தொங்கிய படங்களின் கண்ணாடியைத் துணியால் மூடினார். பளிச். வெள்ளை. லென்ஸைத் துடைத்தார். வேறு லென்ஸ் போட்டார். வேறு பிளாஷ் போட்டார். குழந்தையை எதிர்ச் சுவரோரம் மாற்றி உட்கார வைத்தார்.

வெளிச்சம் கெட்டுப்போக எத்தனை காரணம் உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரியும். இருபது வருஷமாக அதைத் தேடித்தேடித் துரத்துவதுதான் அவர் வேலை. அன்றைக்கு ஒவ்வொன்றாகத் துரத்திவிட்டார். எங்களுக்கு இருந்த சமாதானங்களும் ஒவ்வொன்றாக அந்த அறையைவிட்டு வெளியே போயின. கடைசியில் என்னையே ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தார். இரண்டு கண்ணும் பளீரென்று சிவப்பு.  அந்த அறையில் தப்பு எதிலும் இல்லை, குழந்தையின் கண்ணில்தான் என்பது எனக்கே புரிந்துபோயிற்று.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. குழந்தையின் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். "அப்பா கையில எத்தன வெரல், சொல்லு பாப்பம்" என்றார். குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. பிறகு அவர் கையைப் பிடித்துத் தள்ளியது. தலையைச் சாய்த்து அவர் விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கப் பார்த்தது. "கைய எடுப்பா, தெரியல" என்றது. அழவில்லை. அதற்கு அது புதிதும் இல்லை போலிருக்கிறது.

குடைக்காரர் கையை எடுத்தார். அவர் மனைவி எப்போது வந்து வாசற்படியில் நின்றாளோ தெரியாது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல போலாம். அண்ணா, உங்க வண்டி வேணும்" என்றாள்.

காலையில் என் வண்டியில்தான் போனோம். பின்னால் கண்ணாடி ஏற்றும் வண்டி. முன்னால் அவளும் குழந்தையும் என் பக்கத்தில். அவர் பின்னால் சாக்கு மேல் உட்கார்ந்துகொண்டார். பேச்சே இல்லை. எனக்கோ பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும், ஆகவே ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு வசவு விட்டுக்கொண்டே ஓட்டினேன்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள். கண்மணி விரிவதற்காக மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் எனக்குப் பயம்.

இடது கண்ணுக்குள் கட்டி இருக்கிறது என்றார். பெரிதாகிவிட்டது. அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது. கட்டி கண்ணைவிட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது முக்கியம், கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். வலது கண்ணிலும் ஏதாவது தொடங்கியிருக்கிறதா என்று, மயக்கம் கொடுத்து முழுசாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எல்லாம் தெளிவாகச் சொன்னார். எனக்கு வலது கண் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஐந்து நாள் என்றார் குடைக்காரர். பழைய படங்கள் இருந்தால் காட்டுங்கள், எவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கிறது என்று ஒரு கணக்குத் தெரியும் என்றார் டாக்டரம்மா. படத்துக்கா பஞ்சம்? குடைக்காரர் போனைத் திறந்து நீட்டினார். தொட்டிலில், தொப்பியோடு, பல் முளைத்தபோது, மழையில் என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. டாக்டரம்மா தள்ளிக்கொண்டே போனார். எல்லாப் படத்திலும் கண்மணி இரண்டும் கருகருவென்று, ஓரத்தில் சின்ன வெளிச்சப் புள்ளியோடு அழகாக இருந்தது.

"ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா இதுல எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாத்துலயும் பக்கத்துல இருந்து வெளிச்சம் வருது, கண்ணுக்குள்ள போனது லென்ஸுக்குத் திரும்பி வரல. நேரா பிளாஷ் அடிச்ச படம் ஒண்ணுகூட இல்லையா?"

"நான் நேரா அடிக்கிறதே இல்ல டாக்டர்" என்றார் அவர். எத்தனையோ தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வார்த்தை. அன்றைக்குத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணு இருக்கு" என்றாள் அவர் மனைவி.

தன் போனை எடுத்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் தங்கை புது வீட்டுக்குக் குடிபோனபோது எடுத்த குடும்பப் படம். அறை சின்னது, ஆள் நிறைய, ஸ்டாண்டு நிறுத்த இடமில்லை. வேறு வழியில்லாமல் கேமராவிலேயே பிளாஷை மாட்டி ஒரே ஒரு படம் எடுத்தார். பதினொரு பேர். இருபத்திரண்டு கண். கை வைக்காத அசல் படம் அது. இருபத்தொரு கண் சிவப்பு, ஒன்று வெள்ளை.

"எல்லாக் கண்ணையும் நான்தான் கறுப்பா மாத்தினேன். அந்த வெள்ளையையும் சேத்து அழிச்சிட்டேன். பளபளப்புன்னு நெனச்சேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. குழந்தையின் சட்டைக் காலரை மட்டும் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்பவே இருந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். நடந்ததை நினைத்து நேரத்தை வீணாக்காதீர்கள், அடுத்த வாரமே செய்துவிடலாம் என்றார். குடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த கண்ணின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டவன் நான்தான். துடைத்துப் பிரிண்ட் போட்ட படத்தைத்தான் என்னிடம் கொடுத்தார்கள், எனக்கு எப்படித் தெரியும் என்று என்னைத் தப்புவித்துக்கொண்டு, அவள்மேல் பாரத்தை ஏற்றினேன். பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா என்று மனசுக்குள் கேட்டேன். மனசுக்குள் என்ன, என் வீட்டுக்காரியிடம் வாய்விட்டே கேட்டேன். தங்கை இன்னும் ஒரு படி மேலே போனாள். மருத்துவமனைக்குத் தேவையானதை எடுத்துவைக்க வந்த இடத்தில், அண்ணி கண்ணாலே பார்த்துக் கையாலே அழித்திருக்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.  அவர் மனைவி துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். குடைக்காரர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். அந்த ஒரு வாரமும் பலகை இடுக்கில் வெளிச்சம் வரவில்லை.

குழந்தை மட்டும் எப்போதும் போல இருந்தது. பேட்டரிகளுக்குப் பாடம் நடத்தியது. நாங்கள்தான் அது இடது பக்கமாகத் திரும்பும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். இரண்டு தடவை கதவு நிலையில் மோதிக்கொண்டது. இத்தனை நாளும் அதைத் துறுதுறுப்பு என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அறுவைச் சிகிச்சையன்று காலை எட்டு மணிக்குக் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். பச்சை உடுப்பு அதற்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. போகும்போது எங்களுக்குக் கையாட்டியது. கதவு சாத்திக்கொண்டது. வெளியே ஒரு நீள பெஞ்சு. ஒரு முனையில் அவள், ஒரு முனையில் அவர், நடுவில் நான். இரண்டு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். இடது கண்ணை எடுப்பதற்கு முன்னால் வலது கண்ணைப் பார்ப்பார்கள். அங்கேயும் ஏதாவது இருந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க எங்களுக்குத் தைரியமில்லை. நான் போய் மூன்று டீ வாங்கி வந்தேன். மூன்றும் ஆடை கட்டி ஆறிப்போயின.

ஒன்பதரை மணி இருக்கும். ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து, வேறொரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். எங்களைப் பார்க்கவே இல்லை.  அப்போதுதான் குடைக்காரர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"பிரிச்சுப் பாருங்கண்ணே."

அது அந்தக் குடும்பப் படத்தின் மாதிரிப் பிரிண்ட். சாதாரணக் காகிதத்தில் எடுத்தது. அவர்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் எதெதைத் திருத்த வேண்டும் என்று முதலில் அவர் மாதிரிப் பிரிண்டில் நீலப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுப்பார். வட்டத்துக்கு வெளியே ஒரு மயிரைக்கூட அவள் தொடக் கூடாது. ஒருமுறை கேட்காமல் ஒரு மச்சத்தை எடுத்ததற்கு அவர் போட்ட சத்தம் என் கடைவரை கேட்டிருக்கிறது. மடியிலிருந்த காகிதத்தில் இருபத்திரண்டு கண்ணைச் சுற்றியும் நீல வட்டம் இருந்தது. வாண்டுவின் இடது கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம். பக்கத்தில் அவர் கையெழுத்து: "பளபளப்பு. எடுத்துவிடு."

"நான்தாண்ணே மொதல்ல பாத்தது" என்றார். "மத்ததெல்லாம் செவப்பு, இது மட்டும் ஏன் வெள்ளைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். எனக்குத் தெரியாத வெளிச்சமான்னு நெனச்சுட்டு வட்டம் போட்டுட்டேன். அன்னைக்கு டாக்டர் முன்னாடி வாயத் தொறக்க முடியல. இவ தன் தலைமேல போட்டுக்கிட்டா. நான் பேசாம நின்னேன். ஒரு வாரமா பேசாமதான் நிக்கிறேன்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காகிதம் மேசை டிராயர்லதான் இருந்துச்சு. மொத நாளே பாத்தேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?" என்றார் அவர். "என் தங்கச்சி அவ்ளோ பேசினாளே, அப்பக்கூட ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன பண்ண? நீங்க அன்னைக்கே பேயறஞ்ச மாதிரி இருந்தீங்க. ரெண்டு பேரும் ஒடஞ்சு உக்காந்துட்டா புள்ளைய யாருங்க தூக்கிட்டு நடக்கிறது?"

அவர் எழுந்து என்னைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அந்தக் காகிதத்தை மடித்தேன்.  ஒரு வாரமாக அவளைப் பற்றி நினைத்ததும் பேசியதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. "தப்பா நெனச்சுட்டேம்மா" என்றேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கினார். இடது கண்ணை எடுத்தாயிற்று, கட்டி வெளியே பரவின மாதிரித் தெரியவில்லை, சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். வலது கண்ணின் ஓரத்தில் ஒரு இடம் சந்தேகமாக இருந்ததால் இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுப் பார்த்தோம், இரண்டு பேரும் பார்த்ததில் ஒன்றுமில்லை என்றார். "இன்னைக்கு ஒண்ணுமில்ல. மாசாமாசம் பாக்கணும். சில வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும்." அந்த "இன்னைக்கு" என்ற சொல்லை நாங்கள் மூன்று பேரும் கேட்டோம்.

மயக்கம் தெளிகிற அறையில் மூன்று பேரையும் விட்டார்கள். திரைச்சீலை இழுத்திருந்தது. இடது கண்ணின்மேல் தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். நான் கால்மாட்டில் நின்றேன். குழந்தை முனகியது. உதட்டை நக்கியது. வலது கண் மெல்லத் திறந்தது. சொட்டு மருந்து விட்ட கண், கண்மணி அகலமாகக் கிடந்தது. எங்கேயும் நிலைக்காமல் சுற்றியது.

"அப்பா, இருட்டா இருக்கு" என்றது.

குடைக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டரம்மா எங்கே என்று கதவுப் பக்கம் திரும்பினேன். நர்ஸ் எங்கிருந்தோ வந்து, மருந்து விட்ட கண் கூசும், அதற்காகத்தான் விளக்கைக் குறைத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லித் திரைச்சீலையை ஒரு சாண் விலக்கினார். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கட்டிலில் விழுந்தது.

நாங்கள் மூன்று பேரும் அந்த ஒரு கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது கூரையைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. பிறகு என்மேல் வந்து நின்றது. நெற்றியைச் சுருக்கியது.

"மாமா சட்டைல ஒரு பட்டன் இல்ல."

நான் குனிந்து பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது இல்லை.